சக்கரத்தின் உள்பக்கம்

அந்தத் தெருவில் அவருக்குப் பெயர் மில்லிமீட்டர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. அதைச் சொல்லி வங்கிக்காரர்களைத் தவிர யாரும் கூப்பிட்டதில்லை. ஒரு காரைக் காட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டால் மற்றவர்கள் நிறத்தைப் புகழ்வார்கள், விலையை விசாரிப்பார்கள். இவர் குனிந்து பார்த்துவிட்டு, “பின்னாடி ஆறு மில்லிமீட்டர் வெளிய நிக்குது” என்பார். கல்யாணத்தன்று ஏற்றிப்போக வந்த காரின் பக்கத்தில் புதுச் சட்டையோடு மண்டியிட்டுச் சக்கரத்தைத் தடவிப் பார்த்த மாப்பிள்ளை உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்கும். “அன்னைக்கே நான் எங்கம்மா வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்கணும்” என்று அவர் மனைவி இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். போகவில்லை. கடையில் சக்கரங்களைச் சுழலவிட்டு எடை சரிபார்க்கும் மெஷினில் அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

கடை என்பது ஒரு நீளமான கொட்டகை. வண்டியைத் தலைக்கு மேலே தூக்கும் லிஃப்ட் ஒன்று, டயர் கழற்றும் மெஷின் ஒன்று, சுவர் முழுக்க ரிம்கள், எந்நேரமும் ரப்பர் வாடை. அவருடைய பேர் பரவியது ஸ்போர்ட்ஸ் கார்களால். தரையோடு தரையாக உறுமிக்கொண்டு வரும் அந்த வண்டிகளின் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே ஆசைதான்: சக்கரம் அகலமாக, மட்கார்டை நிறைத்துக்கொண்டு நிற்க வேண்டும். பத்துப் பேர் வந்தால் ஆறு பேரை வெறுங்கையோடு விரட்டுவார். பிழைக்கத் தெரியாத மனிதர், கோபம் வேறு மூக்கு நுனியில்.

“சக்கரத்துக்கு ரெண்டு பக்கம் இருக்கு சார். நீங்க பாக்கறது வெளிப்பக்கம். ஆபத்து இருக்கறது உள்பக்கம்” என்று ஆரம்பித்துச் சாக்பீஸால் தரையில் கோடு போடுவார். அது சக்கரத்தின் அகலத்துக்குச் சரியான நடுக்கோடு. சக்கரத்தை வண்டியோடு சேர்த்து நட்டு முடுக்கும் இடம், அதாவது அதன் முகம், அந்தக் கோட்டின் மேலேயே இருப்பதில்லை, சற்றுத் தள்ளி இருக்கும். எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறதோ அதுதான் ஆஃப்செட். முகம் வெளிப்பக்கமாகத் தள்ளியிருந்தால் சக்கரம் வண்டிக்குள் போய் உட்காரும். உள்பக்கமாகத் தள்ளியிருந்தால் வெளியே துருத்தும். அகலம் ஓர் அங்குலம் கூடினால் அரை அங்குலம் உள்ளே போகும், அரை அங்குலம் வெளியே வரும். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடாமல் சக்கரம் வாங்குகிறவன் காலைப் பார்க்காமல் செருப்பு வாங்குகிறவன் என்று ஒரே போடாகப் போட்டு முடிப்பார்.

தையற்கார அம்மா அவரிடம் வந்தது ஒரு திங்கட்கிழமை. இரண்டு தெரு தள்ளி அவளுடைய தையல் கடை. அளவு எடுத்தால் தப்பாது, ஒரு தடவை தைத்ததைப் பிரிக்க வேண்டியிராது என்று பெயர் வாங்கியவள். அவளுடைய மூத்த மகன் போன மழைக்காலத்தில் கார் விபத்தில் செத்துப்போனான். மலைப்பாதை வளைவொன்றில் முன் டயர் வெடித்து வண்டி மரத்தில் மோதியது. வேகமாக ஓட்டினான், போய்ச் சேர்ந்தான் என்று ஊர் இரண்டே வாரத்தில் அந்தக் கதையை மூட்டை கட்டிவிட்டது.

அந்த வண்டியைத்தான் இப்போது ஒரு மெக்கானிக் ஓட்டிக்கொண்டு வந்து கொட்டகைக்குள் நிறுத்தினான். சிவப்பு நிறம், இரண்டே கதவு. ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவையும் அதை ஒட்டிய தூணையும் மட்டும் மாற்றியிருந்தார்கள். ஒரு உயிரைக் குடித்த வண்டிக்கு அவ்வளவுதான் சேதம். அதில் இப்போது கம்பெனிச் சக்கரங்கள் இருந்தன. பின்னாலேயே ஒரு தள்ளுவண்டியில் வேறு நான்கு அலாய் சக்கரங்கள் வந்து இறங்கின. புது டயர் போட்டு, துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தாள்.

“இத மாட்டிக் குடுங்கண்ணே” என்றாள். “இது அவனுக்கு நான் வாங்கிக் குடுத்தது. வெள்ளிக்கிழமை என் பொண்ணு வர்றா. நர்ஸ் படிப்பு முடிஞ்சிருச்சு. வண்டிய அவ எடுத்துட்டுப் போறா. அண்ணன் எப்படி வெச்சிருந்தானோ அப்படியே அவ கையில குடுக்கணும்.”

“மாட்டின கடைக்கே போயிருக்கலாமேம்மா.”

“அந்த வாசல்ல கால் வெக்க முடியலண்ணே. அங்கதான் அவன் இதப் பாத்துட்டு என்னைத் தூக்கிச் சுத்தினான்.”

மில்லிமீட்டர் ஒரு சக்கரத்தைப் புரட்டினார். உள்பக்கத்தில் எண்கள் பதித்திருந்தன. வண்டியின் சொந்தச் சக்கரம் எட்டு அங்குல அகலம், ஆஃப்செட் நாற்பது. இது ஒன்பது அங்குலம், நாற்பத்தைந்து. கணக்குப் போட அவருக்குப் பேனா தேவையில்லை. கூடின அகலத்தால் பன்னிரண்டு சொச்சம், ஆஃப்செட்டால் ஐந்து, ஆக பதினெட்டு மில்லிமீட்டர் உள்ளே போகும். அந்த வண்டியில் டயருக்கும் ஷாக் அப்ஸார்பர் குழாய்க்கும் நடுவே இருப்பதே இருபது. மீதி இரண்டு. வளைவில் வண்டி சாய்ந்து டயர் பிதுங்கும்போது அந்த இரண்டும் இருக்காது. டயர் உள்பக்கமாகவே தேய்ந்துகொண்டு வரும், வெளியே நின்று பார்ப்பவனுக்குப் புத்தம் புதிதாகத் தெரியும்.

நடுவில் ஒரு தகடு கொடுத்து வெளியே தள்ளலாமா என்றும் யோசித்தார். தள்ளினால் குழியில் இறங்கும்போது மட்கார்டு டயரை அறுக்கும். இந்தச் சக்கரத்துக்கு இந்த வண்டியில் இடமே இல்லை. இது வேறு ஏதோ பெரிய வண்டிக்காகச் செய்தது.

“இத எப்படிம்மா தேடிப் புடிச்சீங்க?” என்றார், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பாடுபட்டு.

அவள் முகத்தில் சின்னதாக ஒரு பெருமை வந்தது.

“அவனுக்குத் தெரியாம வாங்கணும்னு ஆசை. அவன் தூங்கறப்ப போய், சக்கரத்து மேல பேப்பர் வெச்சுத் தேய்ச்சு, துணி வெட்டறதுக்கு எடுப்போமே, அந்த மாதிரி அச்சு எடுத்தேன். அஞ்சு ஓட்டை, நடு வட்டம், வெளி வட்டம், ஒண்ணு விடல. அதக் கொண்டுபோய் வெச்சுப் பாத்தா இது கச்சிதமாப் பொருந்திச்சு. கடைக்காரனே அசந்துட்டான். நீங்க இந்தத் தொழிலுக்கு வந்திருக்கலாம்மான்னான்.”

காகிதத்துக்கு ஆழம் கிடையாது. அதை அந்தக் கடைக்காரன் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்! ஐந்து நட்டும் ஏறியதும் முடுக்கி அனுப்பிவிட்டான், பாவி.

அவர் மனைவியிடம் போய் மெஷின் சத்தத்தில் விஷயத்தைச் சொன்னார். அவள் சுழலும் சக்கரத்தை நிறுத்தவில்லை.

“சொல்லிடாதீங்க. அந்த அம்மா தாங்கமாட்டாங்க. விரிசல் விட்டிருக்குன்னு சொல்லி அனுப்பிடுங்க.”

அவரும் அப்படியே வந்து சொன்னார். ரிம்மில் விரிசல் இருக்கிறது, மாட்டக்கூடாது.

“எங்க?” என்று கேட்டுவிட்டு அவளே குனிந்தாள். நாள் முழுக்க ஊசிக்கண்ணில் நூல் கோக்கிற கண். நான்கையும் தடவித் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். “விரிசல் ஒண்ணும் இல்லண்ணே. செத்தவன் பொருள், தொட வேணாம்னு நினைக்கிறீங்க. பரவால்ல. எப்படியாவது பல்லக் கடிச்சுக்கிட்டு அந்தக் கடைக்கே போறேன். அவங்க மாட்டுவாங்க.”

மாட்டுவார்கள். அதுதான் அவரைக் குத்தியது. மாட்டி, முடுக்கி, கைகுலுக்கி அனுப்புவார்கள். வெள்ளிக்கிழமை அந்தப் பெண் சாவியை வாங்கிக்கொண்டு அதே மலைப்பாதையில் போவாள். இந்த அம்மாவின் மனசா, அந்தப் பெண்ணின் உயிரா என்று அவர் நின்றது ஒரு நிமிஷம்கூட இருக்காது.

“இருங்கம்மா” என்றார்.

வண்டியை இடுப்பு உயரத்துக்குத் தூக்கினார். டயர் வெடித்த பக்கத்து முன்சக்கரத்தின் பின்னால் அவளைக் கூட்டிப்போய் நிறுத்தி, டயருக்கும் குழாய்க்கும் நடுவே டார்ச் அடித்தார்.

“விரல விடுங்க.”

அவள் சுண்டுவிரலை விட்டாள். தாராளமாகப் போய் வந்தது. பிறகு கம்பெனிச் சக்கரத்தைக் கழற்றி, அவள் கொண்டுவந்த சக்கரத்தை மாட்டி, ஐந்து நட்டையும் முடுக்கினார்.

“இப்ப விடுங்க.”

சுண்டுவிரல் போகவில்லை. நகம்கூடப் போகவில்லை. கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்து அவளாகவே நுழைத்துப் பார்த்தாள். அது மட்டும் போயிற்று. டார்ச்சை அவர் கையிலிருந்து வாங்கிக் குழாயின் மேல் அடித்தாள். கறுப்புப் பெயின்ட்டில் ஓரிடம் மட்டும் தேய்ந்து, இரும்பு பல்லிளித்துக்கொண்டிருந்தது.

“முன்பக்கம் சரியா இருக்கு. அக்குள்ல புடிக்குது” என்றாள் மெதுவாக. தன் தொழிலில் ஆயிரம் தடவை சொன்ன வார்த்தை. சொன்ன பிறகுதான் அவளுக்கு அது என்னவென்று புரிந்தது.

அவர் டார்ச்சை வாங்கி அணைத்தார்.

“வளைவுல திரும்பறப்ப ஒரு சத்தம் வருதும்மான்னு ரெண்டு தடவ சொன்னான்” என்றாள். “புதுசுடா, பழகிடும்னு சொன்னேன். எல்லாரும் வேகமாப் போனான்னாங்க. நானும் நம்பினேன். அவன் முகத்தப் பாத்து ஏசினேன் அண்ணே. பொணமாக் கெடந்தவனப் பாத்து, சொல்பேச்சு கேக்காத கழுதைன்னு ஏசினேன்.”

“மாட்டினவன் பாத்திருக்கணும்மா. அது அவன் வேலை.”

“அளவு எடுத்தது நான்தானே.”

அவர் மனைவி மெஷினை நிறுத்திவிட்டு வந்து அவளை உட்கார வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். தையற்கார அம்மா குடித்தாள், டம்ளரைக் கவனமாகத் திருப்பிக் கொடுத்தாள். அழுதிருந்தால் அவர்களுக்கே கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

போகும்போது ஒன்றே ஒன்று கேட்டாள். “என் பொண்ணுக்கு இது தெரியக்கூடாது. வீல நான் வித்துட்டேன்னு சொல்லிக்கறேன். நீங்களும் சொல்லக்கூடாது.” இருவரும் தலையாட்டினார்கள். அன்று சாயங்காலமே மில்லிமீட்டர் அந்த நான்கு சக்கரங்களையும் அறுத்துப் பழைய உலோகக்காரனுக்குப் போட்டார். யாரும் இனி அவற்றை எதிலும் மாட்ட முடியாது என்று உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் அவருக்குச் சோறு இறங்கியது.

அந்தப் பெண் நாலைந்து மாதம் கழித்து வண்டியோடு கடைக்கு வந்தாள். நர்ஸ் உடுப்பிலேயே வந்திருந்தாள். டயர்களை இடம் மாற்றிப்போட வேண்டும் என்றாள். மில்லிமீட்டர் வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு சக்கரத்தையும் கழற்றி உள்பக்கத்தை விரலால் வழித்துப் பார்த்தார். எல்லாம் சுத்தம். நட்டுகளை அவர் கடைசிச் சுற்று முடுக்கும்போது அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

“மாமா, எங்கம்மா உங்ககிட்டதான் அண்ணனோட வீல வித்தாங்களா?”

“ஆமாம்மா.”

“யாருக்குக் குடுத்தீங்கன்னு சொல்லுங்க. என்ன கேட்டாலும் குடுத்து நான் திரும்ப வாங்கிக்கறேன்.”

“அது இப்ப இல்லம்மா. அறுத்துட்டேன்.”

அவள் கண்கள் நிறைந்துவிட்டன. “அண்ணன் வேகமா ஓட்டினான்னு சொன்னவங்க எங்கம்மா. அவன் வேகமா ஓட்டவே மாட்டான் மாமா, எனக்குத் தெரியும். இப்ப அவன் ஆசையா வெச்சிருந்ததையும் வித்துட்டாங்க. எப்படி மனசு வந்துச்சு? நான் வீட்டுக்குப் போறதே இல்ல. அவங்க ஃபோன் பண்ணினா எடுக்கறதும் இல்ல.”

மெஷினில் இருந்த மனைவி அவரைப் பார்த்தாள். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“அம்மா விக்க வரலம்மா” என்றார். “மாட்டத்தான் கொண்டுவந்தாங்க, உனக்காக. நான்தான் விடல. அந்த ரிம்முக்கு என்கிட்ட ஒரு ஆள் காத்திருந்தான். நல்ல லாபம். செத்தவன் பொருள் வீட்டுக்கு ஆகாது, பொண்ணுக்கும் ஆகாதுன்னு பயமுறுத்தி நான்தான் புடுங்கிக்கிட்டேன். அவங்க அழுதாங்க. அப்புறம் அந்த ஆளும் வரல, அறுத்துப் போட்டேன். உங்கம்மா அவமானத்துல அத உன்கிட்ட மாத்திச் சொல்லியிருக்காங்க.”

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். இப்படியும் ஒரு மனுஷனா என்று அந்தப் பார்வையிலேயே இருந்தது.

“உங்களப் பத்தி ஊரே நல்லவிதமாச் சொல்லுது” என்றாள். “தூ. இனி செத்தாலும் உங்க கடை வாசல மிதிக்கமாட்டேன்.”

கூலியைப் பெஞ்சின் மேல் எறிந்துவிட்டுப் போய் வண்டியில் உட்கார்ந்தாள். ஆனால் உடனே கிளப்பவில்லை. ஃபோனை எடுத்துக் காதில் வைத்தாள். கண்ணாடி இறங்கியிருந்ததால் கொட்டகைக்குள் கேட்டது.

“அம்மா” என்றாள். அதற்கு மேல் பேச முடியாமல் அழுதாள். “அம்மா, நான் வீட்டுக்கு வர்றேன்.”

வண்டி தெருமுனை திரும்பி மறைந்தது. மனைவி எழுந்து வந்து அவர் பக்கத்தில் நின்றாள். இனி அந்தப் பெண் சக்கரத்துக்கு ஊரில் இருக்கும் இன்னொரு கடைக்கு, அண்ணனுக்கு மாட்டிவிட்ட அந்தக் கடைக்குத்தான் போவாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.