படத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்த சாட்சிகள்

மலர்க்கொடி துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை எண்ணி, டாலி ஷீட்டில் கோடு போடும் வேலை. நாலு கோடு நிமிர்ந்து நிற்கும், ஐந்தாவது குறுக்கே படுக்கும். அப்பா பணியில் இருக்கும்போதே இறந்ததால் கிடைத்த வேலை. இருபத்திரண்டு வயதில் சேர்ந்தவருக்கு 2002-இல் நாற்பது. 'பொம்பள எண்ணினா கப்பலு எப்போ கெளம்புறது' என்று முதல் மாதம் கேட்ட மேஸ்திரிகள், சில மாதங்களில் தகராறு என்று வந்தால் 'மலரு ஷீட்ட எடுத்தாங்கப்பா' என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள்.

அந்த வேலையில் ஒரு நடைமுறை உண்டு. கப்பல் தரப்பில் ஒருவர், கரைத் தரப்பில் ஒருவர், இருவரும் ஒரே இடத்தில் நின்று எல்லோர் கண்ணெதிரிலும் எண்ண வேண்டும். ஒருவர் டீ குடிக்கப் போனால் மற்றவர் கோடு போடக் கூடாது. கதவைச் சாத்திக்கொண்டு எண்ணினால், எண்ணிக்கை சரியாகவே இருந்தாலும் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மலர்க்கொடி இதை யாருக்கும் பாடம் எடுத்ததில்லை. ஆனால் வீட்டில் வடை பங்கு பிரித்தால்கூட அடுக்களையில் வைத்துப் பிரிக்க மாட்டார், கூடத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்.

சேதமான சரக்கைப் படம் எடுத்து அறிக்கையோடு இணைக்க அலுவலகத்தில் அவரிடம் ஒரு கேமரா கொடுத்திருந்தார்கள். நசுங்கிய டிரம், நனைந்த காகித உருளை, கிழிந்த மூட்டை. ஒரு நாள் கிழிந்த மூட்டையிலிருந்து கொட்டிய பட்டாணிமேல் சாயங்கால வெயில் விழுந்தது. ஒரு படம் போதும் என்ற இடத்தில் நாலு எடுத்துவிட்டார். அந்த ரோலைக் கழுவிக் கொடுத்த ஸ்டூடியோக்காரர், ராயபுரத்தில் ஒரு புகைப்படக் கழகம் இருப்பதாகச் சொன்னார்.

கழகம் என்றால் தேவப்பிரியத்தின் காகித மொத்தக் கடைக்கு மேலே ஓர் அறை, இருபத்தாறு உறுப்பினர்கள், பதினேழு நாற்காலிகள். தலைவர் தேவப்பிரியம் நாகர்கோவில் பக்கத்துக்காரர். முப்பது வருஷம் ராயபுரத்தில் வியாபாரம் செய்தும் பேச்சு ஊர்ப் பேச்சாகவே இருந்தது. அகில இந்தியப் போட்டி ஒன்றை வடசென்னையில் நடத்திவிட வேண்டும் என்று அவர் எட்டு வருஷமாகப் புகைப்படக் கழகங்களின் கூட்டமைப்புக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். ஒன்பதாவது வருஷம் அனுமதி வந்தது, ஒரு நிபந்தனையோடு. தேர்வு நாளன்று கூட்டமைப்பின் பார்வையாளர் வந்து உட்காருவார். தேர்வு முறையாக நடந்தது என்று அவர் கையெழுத்திட்டால்தான் முடிவு செல்லும், அடுத்த வருஷமும் போட்டி கிடைக்கும். இல்லையென்றால் வந்த படங்களை எல்லாம் திருப்பி அனுப்பிவிட்டு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டியதுதான்.

"தேர்வப் பூரா நீயே பாத்துக்கம்மா. எண்ணுகதுல ஒன்னைய விட்டா ஆளில்ல" என்றார் தேவப்பிரியம்.

அறுநூற்றுப் பன்னிரண்டு படங்கள் வந்தன. ஒவ்வொன்றின் பின்பக்கமும் எழுதியிருந்த பெயர் ஊர் மேல் பழுப்புக் காகிதம் ஒட்டி, எண் மட்டும் போட்டார் மலர்க்கொடி. எந்த எண் யாருடையது என்ற பட்டியல் தேவப்பிரியத்தின் கடைப் பெட்டகத்துக்குள் போனது. மூன்று நடுவர்கள், கொல்கத்தா, பெங்களூர், ஐதராபாத் என்று ஊருக்கு ஒருவர். மணி அடித்ததும் மூவரும் ஒன்று முதல் ஐந்து வரை எண் எழுதிய அட்டையில் ஒன்றைத் தூக்க வேண்டும். மூன்றும் கூட்டிப் பதினொன்று வந்தால் படம் கண்காட்சிக்குத் தேர்வு. அதற்கு மேல் நின்றவற்றிலிருந்து மாலையில் பதக்கம்.

இடம், கல்மண்டபம் பக்கத்தில் ஒரு கேரம் கிளப்பின் ஹால். ஞாயிற்றுக்கிழமை. மலர்க்கொடி ஹாலின் இரண்டு கதவையும் விரியத் திறந்து வைத்தார்.

"யாரு வேணும்னாலும் வந்து பாக்கட்டும் சார். உள்ள வெச்சி என்னமோ பண்ணிட்டாங்கன்னு ஒரு பேச்சு வரக் கூடாது" என்றார் பார்வையாளர் அருள்நாதனிடம். அவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், அதிகம் பேசாதவர். நல்ல ஏற்பாடு என்று தலையாட்டினார்.

மதிப்பெண்ணை அறிவிக்க மலர்க்கொடி தன் தம்பி பீம்ராவைப் போட்டிருந்தார். வியாசர்பாடியில் கேரம் போட்டி எது நடந்தாலும் மைக் அவன் கையில்தான். ஒன்பது மணிக்குத் தொடங்கியபோது ஹாலில் எட்டுப் பேர். பதினோரு மணிக்கு நூறு பேருக்கு மேல். ஞாயிறு கேரம் ஆட வந்தவர்கள், ஆட்டம் இல்லை என்றதும் வேறு ஏதோ நடக்கிறதே என்று உட்கார்ந்துவிட்டார்கள். உட்கார்ந்தவர்கள் சும்மா இருப்பார்களா. இருநூற்று நாற்பதைத் தாண்டியதும் முதல் விசில் வந்தது. பீம்ராவின் குரலும் மெல்லக் கேரம் மேடைக்கு ஏறியது.

முந்நூற்று ஏழாம் எண் படத்தை விளக்குக்குக் கீழே வைத்தார்கள். காசிமேட்டில், கயிற்றுச் சுருள்மேல் லுங்கியைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒரு ஆள் தூங்குகிறான். போர்வைக்கு வெளியே மீசை மட்டும் தெரிகிறது. மூன்றாவது வரிசையில் அதே மீசை உட்கார்ந்திருந்தது.

"டேய், நம்ம மஜீது பாய்டா."

"தூங்குறதுக்கெல்லாம் மார்க்கு குடுக்குறாங்களா?"

"பாய், நீ ஐஸ் ஒடைக்கிறேன்னு சொல்லிட்டு இதுதான் பண்ணிகினு கீறியா?"

ஐஸ் கிடங்கில் வேலை செய்யும் மஜீது எழுந்து நின்று எல்லோருக்கும் சலாம் வைத்தார். ஹால் அதிர்ந்தது. நடுவர்களும் சிரித்துவிட்டார்கள். மணி அடித்தது.

"அஞ்சு... அஞ்சு... அதுவும் அஞ்சு. பதினஞ்சு, நைனா, பதினஞ்சு" என்றான் பீம்ராவ்.

அன்று அதுவரை எந்தப் படத்துக்கும் பதினைந்து விழுந்திருக்கவில்லை.

ஒரு மணிக்குச் சாப்பாடு. நானூற்று நாற்பது படங்கள் முடிந்திருந்தன. பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிக்காமல் மலர்க்கொடி மதிப்பெண் குறித்த தாளைப் புரட்டினார். முதல் நூற்றிருபதில் தேர்வானவை இருபத்தேழு. அடுத்த நூற்றிருபதில் இருபத்தொன்பது. அதற்கடுத்த நூற்றிருபதில் அறுபத்தாறு. ஒரே கப்பலில் ஒரே மாதிரி வரும் சரக்கு நடுவில் இப்படிக் குதிக்காது. குதித்தால் எண்ணுகிற இடத்தில்தான் கோளாறு. எந்தெந்தப் படம் என்று பார்த்தார். கடல், படகு, மூட்டை தூக்குபவர், மீன்காரம்மா. கூட்டம் கை தட்டியதெல்லாம் மேலே போயிருந்தது. இமயமலை, கொக்கு, ராஜஸ்தான் ஒட்டகம் எல்லாம் கீழே.

கதவைத் திறந்து வைத்தது அவர்தான்.

தேவப்பிரியத்தைத் தனியே கூப்பிட்டுத் தாளைக் காட்டினார்.

"யம்மா, இத இப்பச் சொல்லியே ஆவணுமா? மனுசன் சந்தோசமாச் சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு. கையெழுத்துப் போட்டுட்டுப் போட்டும். அவரே கண்டுபிடிக்கல்ல பாத்துக்க."

"அவரு கண்டுபுடிக்கலன்னா ஷீட்டு சரியாயிடுமா சார்?"

"ஒம்பது வருசம்மா."

"தெரியும் சார்" என்றார் மலர்க்கொடி. தாளை எடுத்துக்கொண்டு அருள்நாதனிடம் போனார்.

அருள்நாதன் கையைக் கழுவிவிட்டு வந்து எண்களைப் பார்த்தார். இரண்டு முறை பார்த்தார். கணக்கு வாத்தியாருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. நடுவர்களைக் கேட்டபோது கொல்கத்தாக்காரர் ஆங்கிலத்தில் சொன்னதன் சாரம் இதுதான்: அந்தத் தூங்குகிறவர் எதிரே நின்று சலாம் வைக்கும்போது மூன்று போட எனக்குக் கை வரவில்லை.

"இத அப்படியே விட்டா நான் கையெழுத்துப் போட முடியாதும்மா. என்ன செய்யப் போறீங்க?" என்றார் அருள்நாதன்.

"இருநூத்தி நாப்பத்தொண்ணுலேர்ந்து மறுபடி பாக்கணும் சார். கூட்டத்த அனுப்பிடலாம். ஆனா சாட்சி இல்லாம கதவ சாத்த மாட்டேன். ரெண்டு பேர உள்ள வெச்சிக்கலாம். நடுவருங்களப் பாத்து உக்காரட்டும், படம் அவங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கட்டும். அட்டையில வர்ற நம்பர எழுதுவாங்க, நானும் எழுதுவேன். எந்தப் படத்துக்குன்னு அவங்களுக்குத் தெரியாது."

அருள்நாதன் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "செய்ங்க. முடிஞ்சப்புறம் சொல்றேன்" என்றார். போடுவேன் என்று சொல்லவில்லை. நடுவர்களின் ரயில்கள் ஒன்பது மணிக்கு மேல்தான் என்பதால் நேரம் இருந்தது.

கூட்டத்திடம் மலர்க்கொடியே பேசினார். "தப்பு என்னுதுதான். உங்கள உள்ள வுட்டது நானு. நீங்க கை தட்டினா அவங்க மார்க்கு ஏறுது. கைதட்டு கேக்காத ஊருலேர்ந்து படம் அனுப்பினவன் இன்னா பண்ணுவான்?"

"எம்மூஞ்சிய நானே பாக்கக் கூடாதுன்றியா?" என்றார் மஜீது.

"பாய், ஒரு சாட்சி நீ உக்காரு. சத்தம் வுடக் கூடாது."

"அப்போ பதக்கம்?"

"உனுக்கு ஏது பதக்கம்? எடுத்தவனுக்குத்தான்."

"நான் தூங்கலன்னா அவன் எத்த எடுத்திருப்பான்?"

ஹாலில் இருந்தவர்கள் சிரித்துக்கொண்டே கலைந்தார்கள். இன்னொரு சாட்சியாகக் கழகத்து ஐரீன் டீச்சர் உட்கார்ந்தார். பீம்ராவிடமிருந்து மைக்கை வாங்கிவிட்டு மணியைக் கொடுத்தார்கள். அவனுக்கு அது பெரிய வருத்தம்.

ஹாலில் மின்விசிறிச் சத்தம் மட்டும். மணி, அட்டை, பென்சில். மஜீது பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார். மூன்று மணி சுமாருக்கு முந்நூற்று ஏழு வந்தது. நாலு, நாலு, இரண்டு. பத்து, தேர்வுக்கு ஒன்று குறைவு. மஜீது எழுதிவிட்டு, "இது இன்னா, சுமாரான படம் போல கீது" என்று முணுமுணுத்தார். ஐரீன் டீச்சர் முறைத்தார்.

ஐந்தேகால் மணிக்கு அறுநூற்றுப் பன்னிரண்டும் முடிந்தன. மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். ஐரீன் டீச்சர் ஓரிடத்தில் ஒரு வரி தாண்டி எழுதியிருந்தார். மஜீதின் தாளில் ஒரு பிழையும் இல்லை.

பதக்கத் தேர்வும் முடிந்த பிறகு மலர்க்கொடி அவரிடம் சொன்னார். "பாய், அந்த சுமாரான படம் உன்னுதுதான்."

மஜீது தன் தாளில் அந்த வரியைத் தேடி விரல் வைத்தார். பிறகு, "ரெண்டு போட்டது யாரு?" என்றார்.

போட்டது பெங்களூர் நடுவர், அவருக்குத் தமிழ் தெரியும். மஜீதைப் படத்தின் முன்னால் அழைத்துப் போய்க் கீழ் ஓரத்தைக் காட்டினார். மஜீதின் இரண்டு பாதமும் சட்டத்துக்கு வெளியே போயிருந்தன.

"ஆமா சார், காலு இல்ல" என்றார் மஜீது, அநியாயத்தைக் கண்டுபிடித்தவர் போல. "எட்டி நின்னு எடுத்தா இன்னா கொறஞ்சிடும் அவனுக்கு?"

தேவப்பிரியம் வாசலில் நின்றபடி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அருள்நாதன் மேசையில் உட்கார்ந்து அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் நிரம்பி இரண்டாம் பக்கத்துக்குப் போனார். காலையில் நடந்த தவறு, அதைக் கண்டுபிடித்தவர் யார், எப்படித் திருத்தினார்கள், எல்லாம் எண்ணோடு இருந்தது. கடைசியில் பேனாவை மூடி வைத்தார். பிறகு நினைவு வந்தவராகத் திறந்து கையெழுத்திட்டார்.

"அடுத்த வருஷமும் நீங்கதானம்மா தேர்வ நடத்துவீங்க?" என்றார்.

"சார்தான் சொல்லணும்" என்று மலர்க்கொடி தேவப்பிரியத்தைப் பார்த்தார்.

"நான் என்னத்தச் சொல்ல" என்றார் தேவப்பிரியம். "கதவச் சாத்தட்டா, தொறந்து வைக்கட்டான்னு அவகிட்டதான் நான் கேக்கணும்."

மலர்க்கொடி அதற்குள் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்திருந்தார். ஆறிப் போயிருந்தது. முட்டை இரண்டாக வெட்டி வைத்திருந்தது. ஒரு பாதியைப் பீம்ராவிடம் கொடுத்தார்.