பூட்டிய வீடுகளைச் சுற்றிக் காட்டுகிறேன்

ஊர் சுற்றிக் காட்டும் தொழிலில் முதலில் தேய்வது செருப்பு, அடுத்தது தொண்டை. உங்களில் யாராவது இதில் மாட்டியிருந்தால் நான் சொல்லத் தேவையில்லை. பல வருஷம் துபாயில் கிடங்கு வேலை பார்த்துவிட்டுக் கோட்டக்குப்பத்துக்குத் திரும்பியவன் நான். அதற்குள் மனைவி இறந்துபோனாள். மகள் கல்யாணமாகி ஷார்ஜா போய்விட்டாள். பேச ஆள் வேண்டுமே! பாண்டிச்சேரிக்கு வரும் சுற்றுலாக்காரர்களை ஞாயிறு காலையில் அழைத்துவந்து, எங்கள் ஊர் வியாபாரிகள் அந்தக் காலத்தில் கட்டிய வீடுகளை டிக்கெட் போட்டுக் காட்ட ஆரம்பித்தேன்.

ஆள் எங்கே?

எங்கள் தெருவில் பர்மா தேக்குத் தூண் உண்டு, கலர் கண்ணாடி ஜன்னல் உண்டு. மனிதர்கள்தான் குறைவு. பாதிப் பேர் வளைகுடாவில், மீதிப் பேர் சென்னையில். நான் ஒவ்வொரு வாசலிலும் நின்று தேக்கு வந்த கதையைச் சொல்லிக்கொண்டே போனேன். கோயம்புத்தூர் அம்மா ஒருவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். அடுத்த வாசலிலும் பூட்டைப் பார்த்ததும் கேட்டேவிட்டார்:

"வீடெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க, குடியிருக்கறவங்கள எப்பங்க காட்டுவீங்க?"

வாட்ச் பார்த்தவர்

திண்டிவனத்திலிருந்து ஒரு தம்பதி. நான் உத்திரத்தைப் பற்றிப் பேசப் பேச, கணவர் வாட்சைப் பார்த்தார். அந்த அம்மா அவர் காதோடு சொன்னது எனக்கும் கேட்டுவிட்டது:

"பேசிக்கினு போவட்டும் வுடுங்க, வீட்ல ஆளு இல்லபோல."

மகளுக்கு ஒரு சுற்று

மழை பிடித்துக்கொண்ட ஞாயிறு, யாருமே வரவில்லை. வீட்டில் உட்கார மனசில்லை. குடையோடு கிளம்பி, வழக்கமான வாசல்களில் நின்று, செல்போனில் விளக்கத்தைப் பேசிப் பதிவு செய்தேன். அதில் ஒரு வீட்டில் மகள் சின்னப் பிள்ளையில் விழுந்து எழுந்த மாடிப்படியைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பேசி, அவளுக்கே அனுப்பினேன். அன்று முழுக்கப் போனைக் கீழே வைக்கவில்லை. மறுநாள்தான் பதில் வந்தது:

"அத்தா, ஒன்றரை ஸ்பீடுல வச்சு கேட்டுட்டேன், சூப்பரா இருந்துச்சு."

டிக்கெட் எடுத்தவர்

இன்னொரு ஞாயிறு ஒரே ஒருவர் வந்தார். முப்பது வயசிருக்கும். கடைசி வீட்டுக்குள் மட்டும் நாங்கள் போய்ப் பார்க்கலாம். சொந்தக்காரர் சென்னையில் இருக்கிறார். வாரம் ஒருநாள் வீடு காற்றாடட்டும் என்று சம்மதித்திருந்தார். கூட்டிப் பெருக்கும் மும்தாஜ் அக்கா கதவைத் திறந்துவிட்டார். நான் முற்றத்தில் நின்று பேச்சை ஆரம்பித்துத் திரும்பிப் பார்த்தால், ஆளைக் காணோம்.

பின்கட்டில் ஒரு சின்ன அறையில், சுவரில் கைவைத்தபடி நின்றார். மும்தாஜ் அக்கா அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். "நீ ஜமீலா மவன்தானே? அம்மா சாயலு அப்படியே கீதே!" அவ்வளவுதான், வந்தவர் தேம்பித் தேம்பி அழுதுவிட்டார். பிறந்தது அந்த அறையிலாம். வீட்டுக்காரர் அவருக்குத் தாய்மாமன். பாகத் தகராறில் இரண்டு குடும்பமும் பேச்சை நிறுத்தி வருஷக்கணக்காகிறது. சமீபத்தில் அம்மா இறந்தபோது, கத்தாரிலிருந்து வந்து ஒரு பிடி மண் போடக்கூட அவரால் முடியவில்லை.

அறைக்கு வெளியே வந்து நின்றுகொண்டேன். அக்கா அவருக்கு டீ போட்டுக் கொடுத்தார். அவர் குடித்து முடித்ததும், "முதல்லயே சொல்லியிருக்கலாமே தம்பி?" என்றேன்.

"மாமாகிட்ட சாவி கேட்டா எதுக்குன்னு கேப்பாரு, உங்ககிட்ட டிக்கெட் எடுத்தா ஒண்ணும் கேக்காம உள்ள வுட்டுர்றீங்க பாய்."

ஊரெல்லாம் வீடு காட்டுகிறவனுக்கு, வேலை முடிந்தபின் ஆளில்லாத தன் வீட்டுக்கு மட்டும் சுற்றுவழிதான் தெரிகிறது.