நெஞ்சில் கட்டிய பசளை மெசின்

வயல் ஒன்றுமே இல்லாத கொட்டாஞ்சேனையில் இருந்துகொண்டு, வயலுக்குப் பசளை விசிறும் மெசின் விற்றவன் நான். சிரிக்க வேண்டாம். சண்டைக் காலத்தில் கொழும்பில் கடை வைத்திருந்தவர்களுக்கு என் பாடு விளங்கும்.

சவ்வரிசி

மெசின் பெரிய வித்தை இல்லை. ஒரு பிளாஸ்டிக் வாளி, அடியில் ஒரு தட்டு, பக்கத்தில் கைபிடி. நெஞ்சில் கட்டிக்கொண்டு சுற்றினால் பசளை பரவலாக விழும்.

ஓட்டிக் காட்ட யூரியா வேண்டும். யூரியாவில் குண்டு செய்கிறார்கள் என்று அப்போது கெடுபிடி. தமிழன் கடையில் ஒரு கிலோ கிடந்தாலும் ஆளைத் தூக்கிவிடுவார்கள். ஆகவே சவ்வரிசி போட்டுக் காட்டினேன். பூவாய்ச் சொரிந்தது. கிண்ணியாவில் வயல் செய்யும் முஸ்லிம் நானா ஒருவர் பார்த்து மயங்கி வாங்கிப் போனார்.

அடுத்த மாதம் வந்து மெசினை மேசையில் பொத்தென்று வைத்தார். வாளிக்குள் ஈரம் பட்டுக் கல்லாகிப்போன யூரியா. என் கடைக்குள்! பக்கத்தில் கிடந்த சாக்கை இழுத்து வாளியை மூடினேன். அவருக்கு அவருடைய குறை: "முதலாளி, ஒங்கட மெசின் சவ்வரிசிய நல்லாத்தான் விசிறுது. நான் எண்ட வயல்ல பாயாசமா காச்சுற?"

அளவு

மெசினை நெஞ்சில் கட்டும் பட்டி ஆளுக்கு ஆள் வேறு. தையற்காரன் மாதிரி நான்தான் கட்டி அளவு பார்ப்பேன். வவுனியாப் பக்கத்து வாத்தியார் ஒருவர், வெள்ளவத்தையில் தங்கச்சி வீட்டில் நின்றவர், ஒரு மழை நாளில் வந்தார். கட்டிவிட்டேன். பில் எழுதக் குனிந்தேன். நிமிர்ந்தால் ஆளில்லை. கடையில் வேலை செய்த யோகன் வாசலில் நின்று கத்தினான்: "ஐயா, மனுசன் மெசினைக் கழட்டேல்லை! மேல மழைக்கோட்டையும் போட்டுக்கொண்டு சென்றிப் பக்கம் போறார்!"

சென்றி

ஆமிக்காரர் காவல் நிற்கும் அந்தச் சாவடிக்கு ஓடினேன். சிப்பாயின் துவக்கு வாத்தியாரின் முகத்துக்கு நேரே. வாத்தியார் இரண்டு கையையும் தூக்கி நிற்கிறார். கோட்டுக்குள் நெஞ்சு வீங்கிக் கிடக்கிறது. கொழும்பில் அப்படி வீங்கிய நெஞ்சுக்கு ஒரே அர்த்தம்தான்: குண்டு.

"பொஹொர! பொஹொர!" என்று சிங்களத்தில் கத்தினேன். பசளை, பசளை. எந்த நேரத்தில் எதைக் கத்துகிறேன் என்று வாய்க்குத் தெரியவில்லை. மற்றச் சிப்பாய் மண்மூட்டைக்குப் பின்னால் விழுந்து படுத்தான். ஒரு விரல் அசைந்திருந்தால் வாத்தியார் போயிருப்பார். கொன்றவன் நானாக இருந்திருப்பேன்.

துவக்குக்காரன் மெல்லக் கோட்டை விலக்கச் சொன்னான். பார்த்தான். கிட்ட வந்து கைபிடியைச் சுற்றினான். வெறும் தட்டு சுழன்றது. "எங்கட அப்பா இன்னும் கையாலதான் எறியிறார்" என்று சிங்களத்தில் சொல்லித் துவக்கைத் தாழ்த்தினான்.

வாத்தியாரைக் கடைக்குக் கூட்டி வந்தேன். அவர் தண்ணீர் குடித்தார். வாயைத் துடைத்தார்.

"தம்பி, கையத் தூக்கேக்க தோள்ல இறுக்குது. ரெண்டு ஓட்டை தளர்த்திவிடும்."

இத்தனை வருடம் வயலுக்கு மெசின் விற்றதில், நான் கண்ட வயலை விடக் கண்ட துவக்குகள்தான் அதிகம்.