பாஞ்சாலி தூக்கிக் கொடுத்த பொட்டி

பாப்பாரப்பட்டி பஸ்ஸில், பழைய சேலையில் சுற்றிய ஒரு மூட்டையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் பாஞ்சாலி. "கொழந்தையாக்கா?" என்று கேட்டார் கண்டக்டர். "ஆமாங்க, எம்புள்ளதான்" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மூட்டைக்குள் இருந்தது கம்ப்யூட்டர். அப்படித்தான் அவள் நம்பியிருந்தாள், பாவம்.

தக்காளித் தோட்டங்களில் கூலிக்குக் காய் பறிப்பவள். புருஷன் போன பிறகு, ஒற்றை மகள் அன்பரசியைத் தனியாளாக நின்று படிக்க வைத்தாள். பெண்ணும் சோடை போகவில்லை. சவுரியப்பன் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டரில் வேலைக்குச் சேர்ந்து, மானிட்டர், மவுஸ், ஹார்டு டிஸ்க், ரவுட்டர் என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் நடத்தினாள். வீட்டுக்கு வந்தாலும் அதே பேச்சுதான்.

"இன்னிக்கு சர்வர் படுத்துக்கிச்சும்மா, ஒரு வேலையும் ஓடல."

"ஏன், அந்தாளுக்கு ஒடம்பு சரியில்லயா? ஓட்டல்ல வேற ஆளே இல்லயா?"

அன்பரசி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அடேயப்பா, அந்தச் சிரிப்பு! தெருக்கோடி வரைக்கும் கேட்கும்.

ஒரு பொங்கலன்று, அம்மாவும் மகளும் கரும்பைக் கடித்துக்கொண்டு அப்படிச் சிரித்ததை அன்பரசி போனில் வீடியோ எடுத்தாள். சென்டரில் கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்று வீட்டில் இருந்தது. "போன்ல எடமில்லம்மா, இதுல ஏத்திட்டேன். எப்ப வேணாலும் பாத்துக்கலாம்" என்று போட்டும் காட்டினாள். மறு மாதமே ஸ்கூட்டியில் போனவள் லாரியில் அடிபட்டுச் செத்தாள். போனும் நொறுங்கிப் போயிற்று.

ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவள், பெற்றவளுக்கு மட்டும் எது எதில் இருக்கிறதென்று சொல்லாமல் போய்விட்டாளே! அம்மா எங்கே ஓடிப்போகிறாள், மெதுவாகச் சொல்லலாம் என்று இருந்திருப்பாள்.

பாஞ்சாலிக்குக் கம்ப்யூட்டர் என்றால், மகள் முகம் தெரிந்த அந்தத் திரைதான். தினமும் அதைத் துடைத்துப் பொட்டு வைத்தாள். கட்டிலுக்கடியில் கிடந்த தகரப் பொட்டியைக் கண்டால்தான் எரிச்சல். அதில் கரப்பான் வேறு குடியேறியிருந்தது. பழைய இரும்புக்காரன் வந்தபோது அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, நீலக் குடம் ஒன்று வாங்கிக்கொண்டாள்.

மகளுக்கு வருஷ திதி வந்தது. அந்தச் சிரிப்பை ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்று நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது. போடத் தெரிந்தவர் சவுரியப்பன்தான். மூட்டையோடு சென்டருக்குப் போய் நின்றாள்.

சவுரியப்பன் சேலையைப் பிரித்தார். "சிபியு எங்கக்கா?"

"அது யாருங்க?"

அவர் வயரைச் சொருகினார். திரை வெளிச்சமானது. ஏதோ இங்கிலீஷ் எழுத்து அங்குமிங்கும் நகர்ந்தது.

"ஐயோ, என்னமோ எழுதறாளே! என்னங்க எழுதியிருக்கா?"

"அவ எழுதலக்கா. சிக்னல் வரலன்னு காட்டுது."

"எங்கிருந்துங்க வரணும்?"

மேசைக்கடியில் இருந்த பொட்டியைக் காட்டினார் சவுரியப்பன். "இதுமாதிரி ஒண்ணு இருந்திருக்குமே? வீடியோ எல்லாம் அதுக்குள்ளதான்க்கா இருக்கும். இது வெறுமனே காட்டுற கண்ணாடி."

பாஞ்சாலி அந்தப் பொட்டியையே பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

"மொதல்ல மண்ணுக்குக் குடுத்தன். அப்பறம் எங்கையாலயே ஒரு கொடத்துக்குத் தூக்கிக் குடுத்துட்டனே, சாமி!"

சவுரியப்பன் விசாரித்து இரும்புக்காரனுக்குப் போன் போட்டார். சரக்கு எப்போதோ சேலத்துக்கு லோடு ஏறிவிட்டதாம். "இத இங்கயே வெச்சிட்டுப் போறீங்களாக்கா?" என்றார். அவள் திரையைப் பழையபடி சேலையில் சுற்றி எடுத்துக்கொண்டாள்.

வீட்டில் திரையைப் பழைய இடத்திலேயே வைத்தாள். சவுரியப்பன் செய்த மாதிரியே வயரைச் சொருகி சுவிட்சைப் போட்டாள். அதே எழுத்து வந்து நகர்ந்தது. அதன் எதிரே உட்கார்ந்தாள்.

"எழுத்தாச்சும் வருதே" என்றாள்.