சுவரும் தரையும் சேருமிடம்

1943. பம்பாய் மாட்டுங்காவில், ரயில் பாதையை ஒட்டிய ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடி. அகிலாண்டத்தின் வீட்டில் பத்துப் பேர். குளிக்கும் அறை ஒன்றுதான். அதன் சுவரும் தரையும் சேருமிடத்தில் விரிசல் விட்டு, கீழ்வீட்டு நாகலக்ஷ்மியின் சமையலறையில் தண்ணீர் சொட்டியது.

"மாமி, உங்காத்துல பத்து பேர் குளிச்சா, பதினொண்ணாவதா நான் நனையறேன்!" என்று படியில் நின்று கத்துவாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமையும் சொட்டினால் அறையைப் பூட்டிவிடுவதாக, வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். கொத்தனார் இருமுறை பூசிய சிமெண்டும் ஒரே வாரத்தில் வெடித்திருந்தது.

அகிலாண்டம் சொல்லியனுப்பி, சனிக்கிழமை காலை கணேசபாண்டியன் வந்தார். தூத்துக்குடியில் தோணிப் பலகைகளின் இடுக்கை அடைத்தவர். பதினாறு வருஷமாகப் பம்பாய்த் துறைமுகத்தில் அதே வேலை, தாராவியில் குடித்தனம். வந்த சுருக்கில், பழைய பூச்சு முழுவதையும் பெயர்த்துப் போட்டார்.

"ஏன்பா, இருந்ததையும் பேத்துட்டயே!"

"பொறுங்கம்மா. ரயில் வருது. ஒரு கைய சுவத்துல வைங்க, ஒரு கைய தரையில வைங்க."

அகிலாண்டம் குந்தி உட்கார்ந்து வைத்தாள். சுவர் முதலில் நடுங்கியது. தரை ஒரு கணம் பிந்தி நடுங்கியது. பன்னிரண்டு வருஷமாகக் குடியிருக்கும் வீடு அசைகிறது என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

"ரெண்டும் வேற வேற ஆட்டம் ஆடுது. நடுவுல சிமிட்டி எப்படி நிக்கும்? தோணியும் இப்படித்தாம்மா. கூட ஆடுறதத்தான் வைக்கணும்."

தாரில் ஊறிய சணலைத் திரித்து, உளியால் இடுக்குக்குள் இறக்கி, மரச்சுத்தியலால் தட்டினார். தொளதொளவென்றிருந்த சத்தம் மெல்ல இறுகி, கணீரென்றதும் அடுத்த சாணுக்கு நகர்ந்தார். அவர் கண் இடுக்கில் இல்லை. காதுதான் வேலை செய்தது. கடைசியில் காய்ச்சிய தாரை மேலே ஊற்றினார்.

மறுநாள் காலை சாக்கடைத் துளையைத் துணியால் அடைத்துக் கணுக்கால் அளவு தண்ணீர் நிரப்பினார்கள். கீழே, சொட்டு விழுந்த இடத்தில் கணேசபாண்டியன் அடுப்புச் சாம்பலைப் பரப்பினார்.

"ஒரு துளி விழுந்தாலும் சாம்பல் காட்டிக் கொடுத்துரும்."

வீட்டுக்காரர் கையில் பூட்டோடு வந்து நின்றார். மூன்று ரயில்கள் போயின. நான்காவது சரக்கு வண்டி. பரணிலிருந்த பாத்திரங்கள் கலகலத்தன. நாகலக்ஷ்மி குனிந்து பார்த்தாள். சாம்பலில் ஓர் எறும்பு நடந்த தடம் மட்டும் இருந்தது.

வீட்டுக்காரர் பூட்டைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

அகிலாண்டம் மாடிக்கு ஓடினாள். அடுத்த ரயில் வரும்வரை, சுவரில் ஒரு கையும் தண்ணீருக்கடியில் ஒரு கையுமாகக் காத்திருந்தாள்.