ஒரு மணித்தியாலத் துக்கம்

புக்கெகோஹி என்ற ஊரில் கரட் பொதி செய்யும் கொட்டகையில் நான் வேலை பார்த்த காலத்தில், வெள்ளிக்கிழமைக் காலைகளைக் கெடுத்தது ஒரு வானொலி நிகழ்ச்சி. பாபகூராவிலிருந்து என்னைத் தன் வான் வண்டியில் வேலைக்கு ஏற்றிப் போனவர் மதுரைப் பக்கத்துத் தம்பி ஒருவர். கிரிக்கெட் பைத்தியம். விளையாட்டுக்காரர்கள் பேச வருவார்கள் என்பதற்காகவே அந்த நிகழ்ச்சியைப் போடுவார். வான் அவருடையது. வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லும் துணிச்சல் எனக்கு எந்த விடயத்திலும் இருந்ததில்லை.

நடத்துபவர் ஒரு வயதான யூதர், கரகரத்த குரல். முதலில் ஒரு விளையாட்டுக்காரர் வருவார். ரக்பி ஆடி முழங்கால் போனவர், அல்லது வலைப்பந்துப் பயிற்றுநர். யாரும் அகப்படாத கிழமையில் புல்தரையில் பந்து உருட்டும் கிழவர். யார் வந்தாலும் பதில் ஒன்றுதான்: நன்றாக ஆடினோம், இன்னும் நன்றாக ஆடியிருக்கலாம். இதைச் சொல்ல ஒரு மனிதன் விடியமுன் எழும்பிப் போக வேண்டுமா? பிறகு ஒரு பாட்டு. பாட்டு களைகட்டும் நேரம் பார்த்து அதை வெட்டிவிட்டு, அந்தக் கிழமைக்குரிய வேதப் பகுதியைப் பற்றி யூதர் பேசத் தொடங்குவார். முழங்கால் போனவர் எழும்பிப் போகாமல் அங்கேயே இருந்து “ம்” போட்டுக்கொண்டிருப்பார். ஒரே வாயில் ஸ்கோரும் மோசேயும். என் ஆங்கிலம் பள்ளிக்கூடத்து ஆங்கிலம். பாதி விளங்கும், மிச்சத்தைத் தம்பி சொல்வார். விளங்கிய பாதியே எனக்கு அதிகமாக இருந்தது.

அந்த வருடம் என் அண்ணரின் மகளுக்குக் கலியாணம். அண்ணர் எனக்கு முன்பே இந்த நாட்டுக்கு வந்து பக்குரங்காவில் வீடு வாங்கியவர். ஊர்ச் செய்தி, கனடாச் செய்தி எல்லாம் அவர் வீட்டுத் தொலைபேசிக்குத்தான் வரும். நான் தனி ஆள், வாடகை அறை. கலியாணத்தில் தட்டுத் தூக்கினேன், கதிரை அடுக்கினேன், படத்துக்குச் சிரிக்கச் சொன்னபோது சிரித்தேன்.

ஒரு மாதம் கழித்து அண்ணர் என்னைத் தன் கராஜுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“அம்மா மோசம் போயிட்டா.”

“எப்ப அண்ணை?”

“கலியாணத்துக்குப் பதினொரு நாளைக்கு முன்னம்.”

அவரே தொடர்ந்தார். “சொன்னா நீ அழுவாய். உன்ரை முகத்தைப் பாத்தே சனம் பிடிச்சிடும். செத்தவீட்டுத் துடக்கெண்டு தெரிஞ்சா கலியாணம் நிண்டிடும். மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்லுவினம்? இப்ப முப்பத்தொராம் நாள் கிரியையும் கழிஞ்சுது. வீட்டை போய்த் தலை முழுகு, காணும். ஒருத்தரிட்டையும் வாய் திறந்திடாதை.”

தகப்பனுக்கு மூத்த மகன், தாய்க்கு இளைய மகன் கொள்ளி வைப்பது எங்கள் வழக்கம். நாங்கள் இரண்டு பேர்தான், இளையவன் நான். யுத்தத்துக்குள் யாழ்ப்பாணம் போயிருக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். ஒன்றுவிட்ட சகோதரர் ஒருவர் வைத்தாராம். ஆனால் அம்மா எரிந்த கிழமையில் நான் மாப்பிள்ளை வீட்டுக்குப் பலகாரப் பெட்டி சுமந்துகொண்டு போயிருக்கிறேன். அவர்கள் பயித்தம் பணியாரத்தை எடுத்து நீட்ட, வாங்கித் தின்றுமிருக்கிறேன்.

அறைக்குப் போய், சொன்னபடியே முழுகினேன். தண்ணீர் அளவாகச் சுடுகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை வரவில்லை. துவாயால் துடைத்ததும் துக்கமும் முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டும். நல்ல அண்ணர், நல்ல சாத்திரம்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை, வழமைபோலப் பாட்டை வெட்டிவிட்டு யூதர் இழவு பற்றிப் பேசினார். தம்பி வானை ஓட்டியபடியே எனக்குச் சொன்னார்:

“அண்ணே, இவங்கள்ல சாவுச் செய்தி முப்பது நாளுக்குள்ள வந்தா ஏழு நாள் தரையோட உக்காரணுமாம். முப்பது நாள் தாண்டி வந்தா ஒரே ஒரு மணி நேரம் போதுமாம். செருப்பக் கழட்டிட்டுத் தரையில உக்காரணும், அவ்வளவுதான். பெத்தவங்கன்னா இன்னும் ஏதோ இருக்குங்கிறாரு, அது எனக்குப் புரியல.”

“ஒரு மணித்தியாலமோ?” என்றேன். ஏளனமாகத்தான் சொன்னேன்.

அன்று வந்திருந்த ரக்பிக்காரரும் அதையே கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு அவரே பதிலும் சொன்னார். அது எனக்கு நேராகவே விளங்கியது: தோற்றுக்கொண்டிருக்கும்போது ஆட்டத்தின் எண்பது நிமிடம் மிக நீளமானது.

அவ்வளவு காலமும் கேட்டதில் ஒரு விளையாட்டுக்காரர் சொன்ன ஒரே உருப்படியான வசனம் அது. நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“என்னண்ணே, கண்ணு கலங்குது?”

“அம்மா செத்துப் போனா, தம்பி.”

“அய்யய்யோ! எப்போ? சொல்லவே இல்லையே!”

“எனக்கும் சொல்லேல்லை.”

மறுநாள் சனிக்கிழமை அண்ணர் வீட்டில் விருந்து. மாப்பிள்ளையின் தாய் தகப்பனும் வந்திருந்தார்கள். செருப்பைக் கழற்றுவது எங்களுக்குப் புதிதல்ல, அது வாசலிலேயே முடிந்தது. உள்ளே போய், சோபாவைத் தாண்டி, சுவரோடு கம்பளத்தில் இருந்தேன். கடிகாரத்தில் பன்னிரண்டே கால்.

“ஏன்டா நிலத்திலை இருக்கிறாய்? கதிரையிலை ஏறி இரு.”

“அம்மாவுக்கு இருக்கிறன் அண்ணை. ஒரு மணித்தியாலம்.”

என் குரல் எனக்கே கேட்டது. அந்த வீட்டில் அது அபூர்வம். அண்ணர் சம்பந்தி பக்கம் திரும்பிச் சிரித்தார். “இவனுக்கு முதுகு நோ, நாரிப் பிடிப்பு. நிலத்திலை இருந்தாச் சுகமாம்.”

மாப்பிள்ளையின் தாய் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தார். “விடுங்கோ அண்ணை. எங்களுக்குக் கலியாணத்துக்கு முதலே தெரியும். கனடாவிலையிருந்து மச்சாள் சொன்னவ. நாங்கள் வாய் திறந்தா நீங்கள் கலியாணத்தை நிப்பாட்டிப் போடுவியள் எண்டுதான் பேசாமல் இருந்தனாங்கள்.”

அண்ணர் அவர்களுக்குத் தெரியக்கூடாதென்று மறைத்தார். அவர்கள், தங்களுக்குத் தெரியும் என்பது இவருக்குத் தெரியக்கூடாதென்று மறைத்தார்கள். இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று பட்டுச் சால்வை போர்த்திக்கொண்டது. தெரியாமல் நின்றவன் கொள்ளிக்கு உரியவன் ஒருவன்தான். அவனிடம் தட்டைக் கொடுத்துச் சிரிக்கவும் சொன்னார்கள்.

யாரும் சாப்பிட எழும்பவில்லை. அண்ணி கறிச் சட்டிகளை மூடினார். அண்ணர் யன்னலடிக்குப் போனார், வந்தார், கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்கு, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு என் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். கொஞ்ச நேரத்தில் அவருடைய தோள் குலுங்கியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கும் அப்போதுதான் அழுகை வந்தது.

ஒன்றே காலுக்கு நான் எழும்பினேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு அண்ணரும் எழும்பினார்.

“உங்களுக்கு இன்னும் நாப்பது நிமிசம் கிடக்கு அண்ணை,” என்றேன்.

அவர் திரும்பவும் இருந்தார். நான் சோற்றைப் போட்டுக்கொண்டு, கடிகாரம் தெரிகிற கதிரையாகப் பார்த்து இருந்தேன்.