எங்கள் தெருவின் குரங்கம்மை

எனக்கு அம்மை வார்த்தபோது எங்கள் தெருவில் யாரும் என்னைக் கண்டு பயப்படவில்லை. கடுகைக் கண்டுதான் பயந்தார்கள்.

பிள்ளையார்பாளையத்தில் நாங்கள் இருந்த தெருவில் எதிரெதிர் வீடுகளுக்கு நடுவே ஒரு மாட்டுவண்டி போகிற அகலம்தான் இருக்கும். எதிர் வீட்டில் தாளித்தால் எங்கள் வீட்டில் தும்மல் வரும். தாளிப்பு வாசம் அம்மை கண்டவர் மூக்கில் ஏறினால் ஆத்தா கோபித்துக்கொண்டு கண்ணிலே முத்துப் போட்டுவிடுவாள் என்பது தெருவின் நம்பிக்கை. அதனால் அம்மா வாசலில் வேப்பிலையைச் செருகிய கையோடு வீடு வீடாகப் போய், "அம்மை எறங்கி எம்பொண்ணுக்கு மூணாம் தண்ணி ஊத்துற வரைக்கும் யாரும் தாளிக்காதீங்கம்மா" என்று சொல்லிவிட்டு வந்தாள். பத்து நாள் எனக்காக ஒரு தெருவே தாளிக்காத குழம்பைத் தின்றது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் கர்வம்தான்.

நான் அப்போது பத்தாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். தெருவுக்கு வரும் கடிதங்களை நான்தான் படித்துச் சொல்வேன். பதிலும் நான்தான் எழுதுவேன். 'படிக்கிற பொண்ணு' என்றால் அந்தத் தெருவில் என்னைத் தவிர வேறு யாருமில்லை. சுகாதாரப் பாடத்தில் அம்மையைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. நோயாளியைத் தனியறையில் வைக்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தது எனக்கு மனப்பாடம். பரீட்சையில் முழு மார்க் வாங்கியிருந்தேன்.

எங்கள் வீட்டில் தனியறை இல்லை. தறி இருந்த கூடம், சமையல் செய்கிற மூலை, அவ்வளவுதான். தறிக்குப் பக்கத்தில் பாயைப் போட்டு என்னைப் படுக்க வைத்தார்கள். தறிச் சத்தம் ஆத்தாவுக்கு ஆகாது, நிறுத்திவிடலாம் என்று அம்மா சொன்னாள். அப்பா கேட்கவில்லை.

"பட்டு கட்டுறவளுக்குப் பட்டுத்தறிச் சத்தம் புடிக்காமப் போவுமா? நீ ஒண்ணு" என்று சொல்லிவிட்டு மிதிக்க ஆரம்பித்தார்.

என்னைப் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நோயாளியைப் பார்க்க வருவது போல வரவில்லை. கோயிலுக்கு வருவது போல வந்தார்கள். குளித்துவிட்டு, ஈரத் தலையோடு, இளநீரும் வெள்ளரிப் பிஞ்சும் எடுத்துக்கொண்டு. எதிர் வீட்டு அத்தை தன் இரண்டு பெண்களையும் என் பாயிலேயே உட்கார வைத்து, "ஆத்தா காலைத் தொட்டுக் கும்பிடுங்கடி" என்றாள். அந்த இரண்டு பெண்களுக்கும் வாரத்துக்கு ஒரு முறையாவது நான் குட்டு வைப்பது வழக்கம். அவர்கள் என் காலைத் தொட்டார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு ஆசீர்வாதம் செய்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அது பிடித்திருந்தது. உடம்பெல்லாம் அரித்தது, தொண்டை எரிந்தது, ஆனாலும் பிடித்திருந்தது. நான் பாதி குடித்துவிட்டு வைத்த கூழை, "பிரசாதம், ஒரு வாய் குடும்மா" என்று குழந்தைகளுக்காகக் கேட்டார்கள். சுகாதாரப் பாடத்தில் முழு மார்க் வாங்கிய நான், சொம்பை எடுத்து என் கையாலேயே ஊற்றிக் கொடுத்தேன்.

அந்தத் தெருவில் வராத வீடு ஒன்றே ஒன்றுதான். தெருக்கோடியில் இருந்த கோடி வீடு. போன வருஷம் அப்பா தறிக்கான பாவு நூலைத் தெருவில் விரித்து இழுத்துக் கட்டியிருந்தபோது அவர்கள் பசு நடுவில் புகுந்து நூறு இழையை அறுத்துவிட்டது. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. அவர்கள் வீட்டில் நான்கு பிள்ளைகள். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. தாளிப்பை மட்டும் அவர்களும் நிறுத்தியிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது.

மூன்றாம் தண்ணீர் ஊற்றி நான் எழுந்து நடமாடத் தொடங்கிய ஒரு வாரத்தில், எதிர் வீட்டுப் பெண்கள் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் முத்துப் போட்டது. அடுத்த நாள் இன்னும் இரண்டு வீடுகள். தெரு முழுக்க வேப்பிலை. ஒரே தெருவுக்கு ஆத்தா இத்தனை முறை ஏன் வருகிறாள் என்று யோசித்தவர்கள் ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள்.

குரங்கு.

மாதத்துக்கு ஒரு தடவை எங்கள் தெருவுக்குக் குரங்காட்டி ஒருவர் வருவார். கையில் சின்ன உடுக்கை, தோளில் ஒரு பெண் குரங்கு. சிவப்புச் சட்டையும் பாவாடையும் போட்டிருக்கும். மாமியார் வீட்டுக்குப் போவது எப்படி, கோபித்துக்கொண்டு திரும்பி வருவது எப்படி என்று நடித்துக் காட்டும். கடைசியில் வரிசையாக எல்லோருக்கும் சலாம் வைத்துக் கை கொடுக்கும். எனக்கு முத்துப் போட்டதற்கு முந்தின நாள்தான் அவர் வந்திருந்தார். குரங்கு எனக்குக் கை கொடுத்தது. என் பின்னலைப் பிடித்து இழுத்தது. மறுநாள் காலை என் நெற்றியில் முதல் முத்து.

"அது மூஞ்சிய பார்த்தியா? செவப்பு செவப்பா புள்ளி. சொறிஞ்சிக்கினே வேற இருந்துச்சு" என்றாள் அத்தை.

"எல்லாக் குரங்கும் சொறிஞ்சிக்கினுதான்டி இருக்கும்" என்றாள் அம்மா.

"அது வேற சொறி. இது வேற சொறி."

இரண்டே நாளில் அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள்: குரங்கம்மை. ஆத்தா கோயிலிலிருந்து வந்தால் நல்லது. குரங்கு மேல் ஏறி வந்தால் கெடுதல். அந்தக் குரங்கு மறுபடி வந்தால் பிடித்துச் சாக்கில் கட்டி, செங்கற்பட்டுப் பக்கம் மலைக்காட்டில் விட்டுவிட வேண்டும் என்று எதிர் வீட்டு மாமா சொன்னார். இரண்டு பெண்களும் படுத்திருந்த கவலையில் அவர் இருந்தார். யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை. எனக்கும் அந்தக் காரணம் சௌகரியமாகத்தான் இருந்தது.

அந்த வாரம் ஒரு காலையில், முனிசிபாலிடியிலிருந்து அம்மை குத்துகிறவர் சைக்கிளில் வந்து இறங்கினார். பெரியம்மையா சின்னம்மையா என்று பார்த்து எழுதிக்கொண்டு போக வந்தவர். குழந்தைகளின் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சின்னம்மைதான். பயம் இல்ல" என்றார். வெயிலில் வந்த களைப்பு. எழுதத் தெரிந்தவர் யாராவது உண்டா என்று கேட்டார். தெருவே என்னைக் காட்டியது. நான் நோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அவர் சொல்லச் சொல்ல என் அழகான கையெழுத்தில் எழுதினேன்.

"மொதல்ல யாருக்கு வந்துச்சு?"

"எனக்குத்தான் சார். முந்தின நாள் ஒரு குரங்கு கை குடுத்துச்சு."

அவர் சிரித்துவிட்டார். "ஒரே நாள்ல முத்து வராதும்மா. பத்துப் பதினஞ்சு நாளு உள்ளயே இருந்துட்டுத்தான் வெளிய தெரியும். நீ அதுக்கு முன்னாடி யார்கிட்ட உக்காந்திருந்த? அம்மை வந்தவங்க யாராச்சும்?"

பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சுக்காரி நினைவுக்கு வந்தாள். முத்துக்கள் முழுக்க உதிராமலேயே வகுப்புக்கு வந்துவிட்டாள். அவளுக்கு விட்டுப்போன பாடங்களை ஒரே புத்தகத்தில் தலையோடு தலை ஒட்டி நான்தான் படித்துக் காட்டினேன். சரியாக இரண்டு வாரம் முன்பு.

"இந்தப் புள்ளைங்களுக்கு?" என்றேன். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"உங்கிட்ட வந்து உக்காந்தவங்களுக்கு வந்திருக்கும். மூச்சு பட்டாப் போதும். ஒரே பாயி, ஒரே சொம்பு, இதெல்லாம் இன்னும் மோசம். அந்தக் கட்டத்துல யாரு மூலமா வந்துச்சுன்னு எழுது."

ஐந்து குழந்தைகள், ஐந்து வரிகள். ஐந்திலும் எழுத வேண்டியது ஒரே பெயர். அவர் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார். நான் ஐந்து வரியிலும், ஒரு எழுத்துகூடக் கோணாமல், 'தெரியவில்லை' என்று எழுதிக் கொடுத்தேன். அவர் பார்க்காமலே நோட்டை மூடிப் பையில் போட்டு, சைக்கிள் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

குரங்காட்டி அன்று சாயங்காலமே வந்தார்.

உடுக்கைச் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் ஓடவில்லை; ஆண்கள் ஓடினார்கள். நான் வெளியே வருவதற்குள் எதிர் வீட்டு மாமா குரங்கின் கயிற்றைப் பிடுங்கி விளக்குக் கம்பத்தில் கட்டியிருந்தார். ஒருவர் சாக்கோடு நின்றார். குரங்கு கம்பத்தின் பாதி உயரம் ஏறி, பாவாடையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு கத்தியது.

"அண்ணே, இது கைப்புள்ளையா இருக்கச்சொல்லவே எங்கிட்ட வந்துச்சுண்ணே. காட்டுல வுட்டா ஒரு நாள் தாங்காது. அதுக்குக் கிளை தாவக்கூடத் தெரியாது. மாமியார் வூட்டுக்குப் போவத்தான் தெரியும்" என்றார் குரங்காட்டி. சிரிக்க வைப்பதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை.

"ஊட்டுக்கு ஊடு புள்ளைங்க படுத்துக்கினு இருக்குது. உன் குரங்குதான் பெருசா?" என்றார் மாமா.

"வைகாசித் திருவிழா வருதுண்ணே. வருசத்துல நாங்க ரெண்டு பேரும் வயிறார சாப்புடறதே அந்தப் பத்து நாளுதான்."

சாக்கை விரித்தார்கள். குரங்காட்டி தன் கையை நடுவில் நீட்டினார். இன்னும் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தால் அந்தக் குரங்கு சாக்குக்குள் போய்விடும். பேசினால் நாளைக்கு இந்தத் தெரு என்னைப் 'படிக்கிற பொண்ணு' என்று சொல்லாது. இரண்டையும் நான் எடை போட்டேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். குரங்கு மறுபடி கத்தியது.

"மாமா, குரங்கு இல்ல. நான்தான்."

"என்னாது நீதான்?"

"நான்தான் எல்லாருக்கும் குடுத்தேன். பள்ளிக்கூடத்துல இருந்து எனக்கு வந்துச்சு. என் பாயில உக்காந்தவங்களுக்கும் என் கூழைக் குடிச்சவங்களுக்கும் எங்கிட்ட இருந்து போச்சு. கோடி வீட்டுப் பசங்க நாலு பேரும் அன்னிக்கு அந்தக் குரங்கைத் தோள்ல தூக்கி வச்சுக்கினு ஆடினாங்க இல்ல? அவங்களுக்கு ஒண்ணுமே வரல. ஏன்னா அவங்க எங்க வூட்டுக்கு வரல."

எல்லோரும் கோடி வீட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். நான்கு பிள்ளைகளும் வாசல்படியில் ஒரு முத்துக்கூட இல்லாமல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

முதலில் பேசியது என் அம்மா. "பாருங்கடி கூத்தை! அ, ஆ படிச்சுக்கினு வருவான்னு அனுப்பிச்சா, அம்மையைக் கொண்டாந்திருக்கா!"

"அப்போ இவளைத்தான் சாக்குல கட்டி மலையில வுடணும்" என்று ஒருவர் சொன்னார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு தெரு முழுக்கப் பரவியது. மாமா மட்டும் சாக்கைப் பிடித்தபடி என்னையே பார்த்தார். பிறகு அவரும் தலையில் அடித்துக்கொண்டு கயிற்றை அவிழ்த்தார். குரங்கு கம்பத்திலிருந்து நேராகக் குரங்காட்டியின் தலைமேல் குதித்து, அவர் காதைப் பிடித்துக்கொண்டது.

நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். எதிர் வீட்டு அத்தை என்னை நோக்கி வந்தாள். வந்தவள் இரண்டு கையாலும் என் கன்னத்தைத் தடவி நெட்டி முறித்தாள்.

"அப்போ ஆத்தா உன் கையாலதான் எங்க வூட்டுக்கு வந்தாளா! குரங்கு மேல வந்துட்டாளோன்னு நான் நாலு நாளாத் தூங்கலடி."

"அத்தை, நான் சொல்றது அது இல்ல. மூச்சுல இருந்து..."

"எல்லாம் அவ மூச்சுதாண்டி."

சுகாதாரப் பாடத்தை நான் அங்கேயே விட்டுவிட்டேன். ஆனால் ஒன்று சொன்னேன்: உதிர்கிற வரைக்கும் அந்தப் பெண்களின் பாயில் வேறு பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள், ஒரே சொம்பில் கொடுக்காதீர்கள். காரணம் சொல்லவில்லை. "சரிம்மா, உன் வாயில இருந்து வந்துருச்சு, செய்யறோம்" என்றாள் அத்தை. செய்தார்கள். அந்தத் தெருவில் அதற்குப் பிறகு அந்த வருஷம் ஒரே ஒரு குழந்தைக்குத்தான் வந்தது.

நான் எதிர்பார்க்காத கோபம் வேறு இடத்திலிருந்து வந்தது. கோடி வீட்டு அம்மாள், ஒரு வருஷமாக எங்களோடு பேசாதவள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு தெருவின் நடுவில் வந்து நின்றாள்.

"ஏம்மா, மாடு பண்ணின தப்புக்கு எங்க வூட்டை மட்டும் ஆத்தா தாண்டிப் போவணுமா? நாங்க மட்டும் என்னா பாவம் பண்ணோம்? நாங்களும்தானே பத்து நாளு தாளிக்காம சாப்புட்டோம்!"

அப்பா தறியிலிருந்து எழுந்து வந்து வாசலில் நின்றிருந்தார். அவர் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை. "வூட்டுக்கு வாம்மா, உக்காந்து பேசலாம்" என்றார். அவள் வந்தாள். பிள்ளைகளையும் அழைத்து வந்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று நான் அந்தப் பிள்ளைகளை விட்டு விலகிச் சமையல் மூலையில் போய் நின்றுகொண்டேன்.

வெளியே உடுக்கை அடிக்கத் தொடங்கியது. குரங்காட்டி பயம் தெளிந்து ஆட்டத்தை ஆரம்பித்துவிட்டார். நான் ஓடி வந்து கூட்டத்தில் முன்னால் நின்றேன். குரங்கு மாமியார் வீட்டுக்குப் போனது, முறைத்துக்கொண்டது, திரும்பி வந்தது. கடைசியில் வரிசையாகச் சலாம் வைத்துக் கை கொடுத்துக்கொண்டே வந்தது. மாமாவுக்குக் கொடுத்தது. அத்தைக்குக் கொடுத்தது. எனக்கு முன்னால் வந்து கையை நீட்டியது. நானும் நீட்டினேன்.

குரங்காட்டி சட்டென்று கயிற்றைச் சுண்டி அதைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"கோச்சுக்காதம்மா" என்றார், மிகவும் மரியாதையாக. "இதுக்கு இன்னும் அம்மை வார்க்கல."